ஒரு நாள் நமக்காக: எல்கடுவ நீர்வீழ்ச்சிக்குப் போய் வந்த கதை



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு இந்த இதழில் விரிவாகப் பதில் எழுத நினைத்தேன். எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். தையல்தான் அவருக்கு வருமானம். அவர் கேட்டது இதுதான்:

"மகளின் புத்தகத்தில் ஆபிரிக்காவிலுள்ள விக்டோரியா நீர்வீழ்ச்சியின் படம் இருந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. இன்னும் ஒரு நீர்வீழ்ச்சியையும் நேரில் கண்டதில்லை. முகாமுக்குப் போயிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன், அவரைத் தேடிப் பல அலுவலகங்களுக்குப் போயிருக்கிறேன். சும்மா பார்ப்பதற்கென்று ஓரிடத்துக்கும் போனதில்லை. எங்களைப் போன்றவர்கள் அப்படிப் போக முடியுமா? போவது சரியா, அக்கா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. போக முடியுமா என்பது பணத்தைப் பற்றிய கேள்வி. போவது சரியா என்பது மனதைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

தூரத்து விக்டோரியா

முதலில் அந்தப் படத்திலுள்ள நீர்வீழ்ச்சியைப் பற்றிச் சில வார்த்தைகள். தென்னாபிரிக்கப் பிராந்தியத்தில் சாம்பியா, சிம்பாப்வே என்ற இரண்டு நாடுகளின் எல்லையில் சாம்பேசி என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அந்த ஆறு 1,708 மீற்றர் அகலத்துக்கு ஒரே திரையாக, ஏறத்தாழ 108 மீற்றர் ஆழமான பிளவுக்குள் விழுகிறது. அங்குள்ள மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மோசி ஓ துன்யா'. 'இடிமுழங்கும் புகை' என்பது அதன் பொருள். 1855ஆம் ஆண்டு அங்கு போன டேவிட் லிவிங்ஸ்டன் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் தமது நாட்டு மகாராணியின் பெயரை அதற்கு வைத்தார். ஊர் மக்கள் வைத்த பெயர் அழிந்துவிடவில்லை. இன்றும் இரண்டு பெயர்களும் வழங்குகின்றன.

அங்கு போகிற எல்லோரும் பணக்காரர்கள் அல்லர். கையில் கொஞ்சம் பணத்துடன், முதுகில் ஒரு பையுடன் பஸ்ஸில் வந்து இறங்குபவர்களும் பலர். அவர்கள் ஒரு நுழைவுச் சீட்டு வாங்குவார்கள். சாரலில் நனையாமலிருக்க ஒரு மழைக்கோட்டு எடுத்துக்கொள்வார்கள். கொண்டுவந்ததைச் சாப்பிடுவார்கள். 1905இல் திறக்கப்பட்ட பாலத்தில் நடந்து இரு நாடுகளுக்கும் நடுவில் நின்று பார்ப்பார்கள். மாலையில் திரும்பிவிடுவார்கள். வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்ளூர் மக்களுக்கு அதைவிடக் குறைந்த கட்டணம் என்ற முறை அங்கும் உண்டு. ஏப்ரல் அளவில் வெள்ளம் அதிகம். ஒக்டோபர், நவம்பரில் சாம்பியாப் பக்கத்தில் வெறும் பாறை தெரியுமளவுக்கு நீர் குறைந்துவிடும். எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தே காட்சி அமையும்.

அந்தத் தூரத்துக்கு விமானச் சீட்டு வாங்க எம்மால் இயலாது. ஆனால் அந்தப் பயணியின் ஒரு நாளில் இருப்பவை எவை? ஒரு பஸ், ஒரு பொதிச் சோறு, நனைந்த உடுப்பு, மனம் நிறையப் பார்த்த தண்ணீர். இவை அனைத்தும் எமக்கும் கிடைக்கும். நான் இருக்கிற வத்தேகமவுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

பக்கத்து ஹுன்னஸ்

வத்தேகம கண்டியிலிருந்து சுமார் 13 கிலோமீற்றர் தூரத்திலுள்ள சிறு நகரம். 1880இல் திறக்கப்பட்ட கண்டி - மாத்தளை ரயில் பாதையில் இதுவும் ஒரு நிலையம். இங்கிருந்து மலையேறும் வீதியொன்று எல்கடுவ என்ற ஊருக்குப் போகிறது. தேயிலை, மிளகு, கராம்பு எல்லாம் வழிநெடுகக் காணலாம். எல்கடுவ மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு அப்பால் ஹுன்னஸ்கிரி மலையடியில் ஏறத்தாழ 48 மீற்றர் உயரமான ஹுன்னஸ் நீர்வீழ்ச்சி இருக்கிறது. விக்டோரியாவின் உயரத்தில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இலங்கையில் மிக உயரமான பம்பரகந்த நீர்வீழ்ச்சி 263 மீற்றர். அதனோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது கணக்கு நினைவுக்கு வராது.

இந்த மலைப்பகுதி தும்பறை மலைத்தொடரின் மேற்குச் சாரல். நக்கிள்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். கைவிரல்களை மடக்கினால் மூட்டுகள் தெரிவதுபோல் மலைகள் வரிசையாக நிற்பதால் அந்தப் பெயர். 2010இல் யுனெஸ்கோ நிறுவனம் எமது மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது நக்கிள்ஸ் வனமும் அதில் சேர்க்கப்பட்டது.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். 'ஹுன்னஸ்கிரிய' என்ற பெயரில் கண்டி - மஹியங்கனை வீதியில், தெல்தெனியவுக்கு அப்பால் வேறோர் ஊர் இருக்கிறது. பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொன்னால் வேறு பக்கம் போய் இறங்க நேரிடும். 'வத்தேகம வழியாக எல்கடுவ' என்று கேட்டு ஏறுங்கள்.

வாரம் ஐம்பது ரூபா

எங்கள் சிக்கனக் குழுவில் ஒன்பது பேர். நால்வர் தோட்டத்துப் பெண்கள். இருவர் மூதூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து உறவினருடன் தங்கியவர்கள். இருவர் கிளிநொச்சியிலிருந்து வந்தவர்கள். ஒன்பதாவது ஆள் நான். குழுவில் கடன் கொடுப்போம், பிள்ளைகளின் பாடசாலைச் செலவுக்கு உதவுவோம், மரணவீட்டுக்கு ஒரு தொகை கொடுப்போம். சந்தோஷத்துக்கென்று ஒரு சதமும் ஒதுக்கியதில்லை.

2024 கிறிஸ்மஸ் விடுமுறையில் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி, "சாவுக்குக் காசு சேக்கிறோம், ஒரு நாள் சிரிக்கிறதுக்குச் சேத்தா என்ன குறைஞ்சிடும்?" என்று கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமையே தனிக்கொப்பி ஒன்று போட்டோம். வாரம் ஒருவருக்கு 50 ரூபா. பதின்மூன்று வாரத்தில் ஒருவருக்கு 650 ரூபா. ஒன்பது பேருக்கு 5,850 ரூபா.

அந்தக் கொப்பியில் இருக்கிற கணக்கை அப்படியே தருகிறேன்:

பஸ், போக வர, ஒருவருக்கு 200 ரூபா வீதம் - 1,800 ரூபா
எல்கடுவவிலிருந்து ஓட்டோ, நடக்க முடியாத ஒருவருக்கும் சாப்பாட்டுச் சாமான்களுக்கும் - 1,200 ரூபா
அரிசி, பருப்பு, முட்டை, தேங்காய், மரக்கறி - 1,500 ரூபா
வழியில் தேத்தண்ணியும் பணிஸும் - 900 ரூபா
அவசரத்துக்கென்று கையில் வைத்தது - 450 ரூபா

பஸ் கட்டணமும் சாமான் விலையும் அடிக்கடி மாறுகின்றன. இந்த எண்களை விட்டுவிடுங்கள், ஒதுக்கிய முறையைப் பாருங்கள். முதலில் போக்குவரத்து, பிறகு சாப்பாடு, கடைசியில் கட்டாயம் ஓர் அவசரப் பணம். அந்த 450 ரூபா செலவாகவில்லை. அதுவே அடுத்த பயணத்துக்கு முதல் போட்ட பணமாகக் கொப்பியில் ஏறியது.

எந்த மாதம் போவது என்பதையும் யோசித்தோம். இந்தப் பக்கத்தில் வருடக் கடைசியில் மழை கடுமை. பெப்ரவரி, மார்ச்சில் வெயில். நீர் சற்றுக் குறைவாக இருந்தாலும் வழி காய்ந்திருக்கும், அட்டையும் குறைவு. ஆகவே 2025 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்தோம். எல்கடுவவில் சொந்தக்காரர் உள்ள ஒருத்தி முதல் கிழமையே போய், எந்த வழியால் போகலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்து வந்தாள். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் தனியார் ஹோட்டல் ஒன்றும் தோட்டக் காணிகளும் இருப்பதால் இப்படி விசாரித்துப் போவதே மரியாதை. அங்கே போய் வாசலில் நின்று முகம் வாடவும் தேவையில்லை.

மலையேறிய பஸ்

விடிய நான்கு மணிக்கு எழுந்து சமைத்தோம். தேங்காய்ச் சம்பல், பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவித்த முட்டை. சோற்றை வாட்டிய வாழையிலையில் கட்டினோம். இலையில் கட்டிய சோறு மத்தியானம்வரை பழுதாகாது, பிளாஸ்டிக் குப்பையும் சேராது. வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறாகச் சமைத்து மூடி வைத்துவிட்டு, ஏழு மணிக்கு வத்தேகம பஸ் நிலையத்தில் கூடினோம்.

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மூதூர் அக்கா ஒருவருக்குத் தலைசுற்று வந்தது. தோட்டத்துப் பெண்கள் தேசிக்காய் ஒன்றைக் கையில் கொடுத்து மணக்கச் சொன்னார்கள். மலைவீதிக்குப் பழக்கமில்லாதவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். முன்பக்க ஆசனத்தில் இருந்து தூரத்தைப் பாருங்கள்.

வளைவொன்றில் தேயிலை மலையும் லயன் வரிசையும் தெரிந்தபோது, கிளிநொச்சியிலிருந்து வந்த தங்கச்சி யன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மா பிறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட காலத்தில் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் பசியும் வேலையின்மையும் தலைவிரித்தாடின. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு இன்னும் பலர் போனார்கள். பாதுகாப்புத் தேடிப் போன அதே வன்னியில்தான் 2009இல் கடைசிச் சண்டையும் நடந்தது. இந்தத் தங்கச்சி அங்கே ஒரு காலை இழந்தாள். அம்மாவை இழந்தாள். பெரியம்மா இருக்கிறார் என்று தேடி இந்தப் பக்கம் வந்தவள்.

"அம்மா சொன்ன மலை இதுதானா தெரியேல்லை. ஆனா அவ சொன்ன மாதிரித்தான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இந்த மலைகளுக்கு முதன்முதலில் தமிழ்த் தொழிலாளர் வந்து 200 வருடங்கள் ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்துபோனதை வாசித்திருப்பீர்கள். அந்த முதல் மக்கள் காட்டு வழியாகக் கால்நடையாக வந்தார்கள். அந்த மலைக்கு நாங்கள் சீட்டெடுத்து, ஆசனத்தில் இருந்து, பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு போனோம். அதுவும் ஒரு சந்தோஷம்தான்.

நீரின் முன்னால்

எல்கடுவவில் இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். பொய்க்கால் போட்ட தங்கச்சியும் சோற்றுப் பொதிகளும் துணைக்கு ஒருத்தியும் ஓட்டோவில். மற்றவர்கள் நடை. காலையில் குளிராக இருந்ததால் நடை களைக்கவில்லை.

நீர்வீழ்ச்சி கண்ணில் படுவதற்கு முன்னே காதில் கேட்கத் தொடங்கியது. எங்களுக்குள் பேச்சுக் குறைந்தது. திரும்பிப் பார்த்தபோது மூதூர் அக்காமாரில் இளையவர் நடுவழியில் நின்றுவிட்டார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு இது தெரிந்த அனுபவம். தொடர்ந்து கேட்கும் பெரிய சத்தம், அது தண்ணீரின் சத்தமாக இருந்தாலும், உடம்புக்குப் பழைய சத்தத்தை நினைவூட்டிவிடும். அது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. ஆபத்திலிருந்து தப்புவதற்கு உடம்பு கற்ற பாடத்தை இன்னும் மறக்கவில்லை என்பதுதான் பொருள். அந்த நேரத்தில் "ஒன்றுமில்லை, வா" என்று கையைப் பிடித்து இழுப்பது உதவாது. நாங்கள் செய்தது இதுதான். அவரோடு ஒருவர் அங்கேயே கல்லில் இருந்தார். காலை நிலத்தில் நன்றாக ஊன்றச் சொன்னார். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொன்னார். சுற்றிலும் தெரிகிற ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொன்னார். "தேயிலை, கல்லு, உங்கட குடை, வானம், அட்டை" என்று அந்த அக்கா சொன்னபோது, அட்டை என்றதும் இருவரும் சிரித்துவிட்டார்கள். அட்டை உண்மையிலேயே காலில் ஏறிக்கொண்டிருந்தது.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் தானாகவே எழுந்து வந்தார். கிட்டப் போகவில்லை. தள்ளி ஓரிடத்தில் இருந்து பார்த்தார். அதுவே போதும் என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் தண்ணீரிலிருந்து ஒவ்வொரு தூரம்.

நீர்வீழ்ச்சி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். மேலே கறுத்த பாறையின் விளிம்பில் வெள்ளையாகத் தொடங்கி, இடையில் உடைந்து, மறுபடி சேர்ந்து விழுந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் சாரல் முகத்தில் அடித்தது. வெயில் சாய்வாகப் பட்டபோது சாரலுக்குள் ஒரு துண்டு வானவில் தெரிந்தது. ஆபிரிக்க விக்டோரியாவில் முழுநிலவு இரவிலும் இப்படி வானவில் தெரியுமாம். எங்களுக்குப் பகலில் தெரிந்ததே பெரிது.

பொய்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு அந்தத் தங்கச்சி ஓடையின் ஓரத்துக் கல்லில் இருந்து மற்றக் காலைத் தண்ணீரில் வைத்தாள். குளிரில் கத்தினாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். நான் அவளை நான்கு வருடமாக அறிவேன். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

சோறு சாப்பிடும்போது மூத்த மூதூர் அக்கா கேட்டார், "இந்தத் தண்ணி எங்க போய்ச் சேருது?"

இந்த மலைகளில் விழும் நீர் எந்தப் பக்கம் இறங்கினாலும் கடைசியில் மகாவலிக்கே போகிறது. ஒரு பக்கம் இறங்குவது ஹுலு கங்கையாகத் தெல்தெனியப் பக்கம் போய்ச் சேரும். மறுபக்கம் இறங்குவது மாத்தளையில் சுது கங்கையாகி, அம்பன் கங்கையோடு கலந்து, பொலன்னறுவைப் பக்கத்து வயல்களுக்கு நீர் கொடுத்துவிட்டு மகாவலியில் சேரும். 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி திருகோணமலையில், மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. அதன் ஒரு கிளைதான் வெருகல் ஆறு.

இதைச் சொன்னபோது அந்த அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மாவிலாறு என்ற பெயரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். 2006 ஜூலையில் அந்த அணைக்கதவு மூடப்பட்டதோடு தொடங்கிய மோதல், ஓகஸ்டில் மூதூரையும் சூழ்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் ஆயிரக்கணக்கில் கால்நடையாக வெளியேறினார்கள். இந்த அக்காவும் அப்படி வெளியேறியவர். அந்த வருடக் கடைசியில் அவருடைய கணவர் காணாமற்போனார்.

"அப்ப, எங்கட வீட்டுப் பின்னுக்கு ஓடினதும் இந்தத் தண்ணிதான்" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, கைகழுவிய தண்ணீரை ஓடைக்கு வெளியே, ஒரு தேயிலைச் செடியின் அடியில் ஊற்றினார். "கீழ ஆக்கள் குடிக்கிற தண்ணி" என்றார்.

தண்ணீரும் ஆட்களை இடம்பெயர்த்திருக்கிறது. வத்தேகமவுக்குப் பக்கத்திலேயே ஒரு விக்டோரியா இருக்கிறது. மகாவலியின் குறுக்கே கட்டி 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு. 122 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயரமான அணைக்கட்டு அதுதான். அதன் நீர்த்தேக்கத்துக்குள் பழைய தெல்தெனிய நகரமே அமிழ்ந்துபோனது. வீடும் வளவும் கோவிலும் விட்டு எழும்பிப் போனவர்கள் சிங்களக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். எமது குழுவுக்குப் புடைவைத் துண்டுகள் தரும் சிங்கள அம்மாவும் அந்தப் பழைய தெல்தெனியவைச் சேர்ந்தவர்தான். இதை அறிந்தபிறகு அவரிடம் பேசும் விதமே எமக்கு மாறிவிட்டது.

"ஊர் என்ன சொல்லும்?"

இனி இரண்டாவது கேள்வி. போவது சரியா?

கணவனை இழந்தவள் வெளிக்கிட்டுப் போனால் "இவளுக்கு என்ன உல்லாசம்" என்று கேட்க ஊரில் ஆள் உண்டு. கணவன் காணாமற்போனவளின் நிலை அதைவிடக் கடினம். துக்கம் முடிந்தது என்று சொல்லவும் முடியாது, அவர் வருவார் என்று உறுதியாக இருக்கவும் முடியாது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் வந்தது, அலுவலகம் 2018இல் வேலையைத் தொடங்கியது. பதிவுகள் நடந்தன, விசாரணைகள் நடந்தன. பல குடும்பங்களுக்கு இன்றும் பதில் இல்லை. பதிலுக்காகக் காத்திருப்பவள் சிரித்தால், காத்திருப்பதை விட்டுவிட்டாள் என்று பிறர் நினைப்பார்களோ என்ற பயம் அவளைப் பிடித்து வைக்கிறது. சில வேளை தானே அப்படி நினைத்து விடுவாளோ என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது.

திரும்பும் பஸ்ஸில் மூத்த அக்கா என்னிடம் சொன்னதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். "நான் இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டன், சிரிச்சன். பிறகு யோசிச்சன், அவர் வந்து நிண்டா இந்தச் சிரிப்பைக் கண்டு கோவிக்கவா போறார்? நான் காஞ்சு போய் இருந்தாத்தான் கோவிப்பார்."

இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. வழக்குக்குப் போகிறவளும் போராட்டத்தில் இருக்கிறவளும் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவளும் நெடுந்தூரம் போக வேண்டியவர்கள். நடுவில் ஒரு நாள் இளைப்பாறினால் நடை நின்றுவிடாது. அடுத்த திங்கட்கிழமை அந்த அக்கா வழக்கம்போலத் தன்னுடைய கோவைக்கட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வந்தார்.

போகிறவர்கள் கவனிக்க

1. குறைந்தது நான்கு பேராகப் போங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனேயே நடத்துநரிடம் கேளுங்கள். அதற்கு முந்திய பஸ்ஸில் திரும்புங்கள்.

2. நீர்வீழ்ச்சியின் அடியிலுள்ள குளத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும். அடியில் சுழியும் பாறையிடுக்கும் இருக்கும். ஒவ்வொரு வருடமும் எமது நாட்டில் நீர்வீழ்ச்சிகளில் உயிர்கள் போகின்றன. பாசி படிந்த கல்லில் கால் வைக்காதீர்கள். படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போகாதீர்கள்.

3. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறிந்தாலும் மலையுச்சியில் மழை பெய்யலாம். தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அதிகமாக அடித்து வந்தாலோ உடனே மேட்டுக்கு ஏறுங்கள்.

4. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டது. உயிர்களும் வீடுகளும் பறிபோயின. வீதிகளும் ரயில் பாதைகளும் சேதமடைந்தன. ஆகவே புறப்படுமுன் பாதை திறந்திருக்கிறதா, பஸ் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் மலைப்பக்கம் போக வேண்டாம்.

5. அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். சவர்க்காரத்தைக் காலில் பூசிக் காயவிடுங்கள். கடித்த அட்டையைப் பிய்த்து எடுக்காமல் சிறிது உப்புப் போட்டால் விழுந்துவிடும். பிறகு காயத்தைக் கழுவிவிடுங்கள்.

6. பொய்க்கால் அணிபவர்கள் ஈரத்தில் கவனமாக இருங்கள். மாற்று உறையும் உலர்ந்த துவாயும் கொண்டுபோங்கள். உடம்பில் குண்டுச்சிதறல் உள்ளவர்கள் கனமான பையைத் தூக்காதீர்கள்.

7. இந்த எண்களைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பெண்களுக்கான உதவி 1938. பஸ்ஸில் யாராவது தொல்லை கொடுத்தால் சத்தமாகச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

8. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கீழே ஆட்கள் குடிக்கும் தண்ணீர் அது.

உங்கள் ஊரில் நீர்வீழ்ச்சி இல்லாமலிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. ஆனால் கீரிமலை இருக்கிறது. கிளிநொச்சியில் இரணைமடு இருக்கிறது. திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. மட்டக்களப்பில் வாவி இருக்கிறது. ஒரு கொப்பியும் வாரம் ஐம்பது ரூபாவும் நான்கு தோழியரும் இருந்தால் தொடங்கலாம். ஐம்பது முடியாவிட்டால் இருபது. மூன்று மாதத்துக்குப் பதிலாக எட்டு மாதமாகும், அவ்வளவுதான்.

போய் வந்தவர்கள் எங்கே போனீர்கள், எவ்வளவு செலவானது, எது பிடித்தது, எது சிரமமாக இருந்தது என்று எமக்கு எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லையென்றால் போட வேண்டாம். உங்கள் கணக்கையும் வழியையும் இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறோம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இன்னொரு சகோதரி புறப்படலாம்.

எங்கள் குழுவின் கொப்பியில் இப்போது அடுத்த பயணத்துக்கான பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மூதூர் அக்காமார் இருவரும் சேர்ந்து சொன்ன இடம் கொட்டியாரக் குடா. மேலே பார்த்த தண்ணீர் கடலில் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டுமாம். தூரம் அதிகம், ஆகவே இம்முறை வாரத்துக்கு நூறு ரூபா.